சட்டையில் மட்டும் சாராயம்

ஹட்டனில், கினிகத்தேனை பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துவிட்ட ஆண்டியப்பனின் தோளில் பின்னாலிருந்து ஒரு கை விழுந்தது.

"எங்க மச்சான் போற?"

வீரய்யா. தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையான ஒரே லயத்தில், சுவருக்கு அடுத்த காம்பராவில் குடியிருப்பவன். பத்து வருடம் சேர்ந்து குடித்த கூட்டாளி.

ஆண்டியப்பன் குடியை நிறுத்தி நாற்பத்தொரு நாளாகியிருந்தது. மனைவி அம்மாக்கண்ணு மகளைக் கூட்டிக்கொண்டு கொத்மலைக்குத் தாய்வீடு போய் அதைவிட ஒரு வாரம் கூட ஆகியிருந்தது. "மூணு மாசம் தொடாம இருங்க, வர்றேன். தொட்டீங்கன்னா என்னய மறந்துருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

தனியாக நிறுத்திப் பார்த்தான். மூன்றாம் நாளே கால் சாராயக் கடைப் பக்கம் திரும்பியது. தோட்டத்து மருந்துக்காரர் ஒரு போன் நம்பரைக் கொடுத்து, குடியை விட்டவர்களின் கூட்டத்துக்குப் போகச் சொன்னார். ஹட்டனிலும் கூட்டம் இருந்தது. ஆனால் ஹட்டனில் திரும்பினால் ஒரு தோட்டத்து முகம். குடிக்கிறவனைப் பார்த்து லயத்தில் யாரும் சிரிப்பதில்லை. குடியை நிறுத்தக் கூட்டத்துக்குப் போகிறவனைக் கேலி செய்யாமல் விடமாட்டார்கள். அதனால்தான் சனிக்கிழமை தோறும் கினிகத்தேனை.

"சும்மாதான்" என்றான்.

வீரய்யா கையை எடுக்கவில்லை. பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

"தண்ணி போடத்தான்ப்பா. அங்க ஒரு எடம் இருக்கு" என்றான் ஆண்டியப்பன்.

வீரய்யாவின் முகம் ஒரு மாதிரி ஆனது. "ஹட்டன்ல இல்லாத தண்ணியா கினிகத்தேனைல?"

"இங்க போட்டா அம்மாக்கண்ணு காதுக்குப் போயிரும்."

கூட்டத்தை நடத்தும் ஜெயரத்தினம் மாஸ்டரிடம் அன்று இதைச் சொன்னான். யாழ்ப்பாணத்திலிருந்து படிப்பிக்க வந்து, இங்கே குடித்துச் சீரழிந்து, நிறுத்திப் பதினோரு வருடமானவர் அவர்.

"ஒரு பொய்யைச் சொன்னால் அதுக்குப் பின்னால ஓடவேண்டி வரும். கவனம்" என்றார்.

ஓட்டம் அன்றே தொடங்கியது. ஹட்டனில் இறங்கும்போது வீரய்யா நின்றால் என்ன செய்வது? குடித்துவிட்டு வருகிறவன் மேல் வாடை வேண்டாமா? கூட்டம் முடிந்ததும் ஆண்டியப்பன் ஒரு கால் போத்தல் சாராயம் வாங்கிக்கொண்டு கடைகளுக்குப் பின்புறம் ஒதுங்கினான். மூடியைத் திருகியதும் வாயில் நீர் ஊறியது. சட்டைக்குப் போகவேண்டிய போத்தல் உதட்டுக்குப் போனது. கண்ணாடி பல்லில் இடித்தது. அப்படியே நின்றான். முதுகெல்லாம் வேர்த்தது.

ஒரு நாய் வந்து எதிரே உட்கார்ந்து, அடுத்து என்ன செய்யப்போகிறான் என்று பார்த்தது. அதற்கு வெட்கப்பட்டுத்தானோ என்னவோ, போத்தல் முழுவதையும் சட்டையில் கவிழ்த்துவிட்டு ரோட்டுக்கு ஓடினான். திரும்பும் பஸ்ஸில் அவன் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

வீரய்யா நின்றான்தான். முகர்ந்து பார்த்து, "நல்லாத்தான் போட்டிருக்க" என்றான்.

அது அடுத்த வில்லங்கத்துக்கு வழிவிட்டது. மறுநாள் ஞாயிறு மத்தியானம் வீரய்யா போத்தலோடு காம்பராவுக்கு வந்துவிட்டான்.

"தனியா போய்ப் போடுற அளவுக்கு நாங்க என்னடா செஞ்சோம்? கிளாஸ எடு."

மறுத்தால் கேள்வி வரும். ஆண்டியப்பன் மூச்சை அடக்கிக்கொண்டு கிளாஸை வாயருகே கொண்டுபோவான். வீரய்யா அந்தப் பக்கம் திரும்பியதும் ஜன்னல் வழியே ஊற்றுவான். ஒவ்வொரு கிளாஸுக்கும் வீரய்யா கையில் கிளாஸோடு "காத்து வாங்கிட்டு வர்றேன்" என்று வெளியே போய்வந்தது வசதியாக இருந்தது. போத்தல் காலியானதும் இருவரும் தள்ளாடினார்கள். வீரய்யா பாடினான். ஆண்டியப்பன் வேறு வழியில்லாமல் ஆடினான். லயமே எட்டிப் பார்த்தது.

எட்டிப் பார்த்தவர்களில் யாரோ கொத்மலைக்குப் போன் எடுத்தார்கள்.

"குடிச்சிட்டு வாசல்ல ஆடினீங்களாமே" என்றாள் அம்மாக்கண்ணு.

"குடிக்கலம்மா. குடிச்ச மாதிரி நடிச்சேன்."



"எத்தனையோ பொய் சொல்லியிருக்கீங்க. இப்பிடி ஒண்ணு இதுவரைக்கும் சொன்னதில்ல."

சனிக்கிழமை காலை மிச்ச உடுப்புகளை எடுத்துப்போக வந்தாள். கொடியில் கிடந்த சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுப் பையைக் கட்டினாள்.

"ஒரே ஒரு எடத்துக்கு வா. பெறகு போறதுன்னா போ" என்றான் ஆண்டியப்பன்.

கினிகத்தேனையில் மாடிக் கூடத்து வாசலில் மாஸ்டர் நின்றிருந்தார்.

"மாஸ்டர், ஆறு வாரமா நான் இங்க வர்றத இவகிட்ட சொல்லுங்க."

மாஸ்டர் நெளிந்தார். "தங்கச்சி, இஞ்ச ஆர் வருகினம், ஆர் வரேல்லை எண்டு வெளி ஆக்களுக்குச் சொல்லுறேல்லை. அது எங்கட விதி."

"நான்தானே சொல்லச் சொல்றேன், மாஸ்டர்."

மாஸ்டர் மிகுந்த வருத்தத்தோடு அவன் முகத்தைப் பார்த்தார். "ஐயா ஆரெண்டே எனக்குத் தெரியாது" என்றார்.

அம்மாக்கண்ணு பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். ஆண்டியப்பன் அசையவில்லை. ஜன்னலுக்கு எதிரே சாராயக் கடையின் பலகை தெரிந்தது. ஆறு வாரமாக அங்கே இருந்த பலகைதான். இன்றைக்கு மட்டும் அது அவனைக் கூப்பிட்டது.

பாதிப் படியில் அவளை மறித்தது ஒரு விளக்குமாறு. கூடத்தைக் கூட்டி, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றும் ராக்காயி. அவளுக்கு விதி எதையும் யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆண்டியப்பனின் பெயரையும் அவள் கேட்டதில்லை.

"அக்கா, இந்த அண்ணன் ஒரு சனிக்கிழமை விட்டதில்ல. கடைசி பெஞ்சுல இருந்துகிட்டு அழுவாரு. எதுக்குன்னு கேட்டா மக ஞாபகம்னு சொல்வாரு."

அம்மாக்கண்ணு திரும்பி, மேலே நின்ற புருஷனை வெகுநேரம் பார்த்தாள். பை மெல்லப் படியில் இறங்கியது.

"அப்ப வீரய்யாண்ணனோட சேந்து குடிச்சது?"

"எல்லாத்தையும் ஜன்னல்ல ஊத்திட்டேன். நான் குடிய விட்டது அவனுக்குத் தெரிஞ்சா லயத்துல தலகாட்ட முடியாதுன்னுதான்."

ராக்காயி விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள்.

"எந்த வீரய்யா, ஹட்டன் பக்கத்துலேருந்து இங்க ஞாயித்துக்கிழமை காலைக் கூட்டத்துக்கு லயத்து ஆம்பளைங்க எல்லாரையும் கூட்டிட்டு வர்றாரே, அவரா? ஆண்டியப்பன்னு ஒரு பெருங்குடிகாரன் இருக்கானாம், அவனுக்கு மட்டும் இது தெரியவே கூடாதுன்னு எங்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டிருக்காரு."