பதினோரு மணிக்குச் சத்தம் வரக்கூடாது

மணி ஒன்பதுகூட ஆகவில்லை. அதற்குள் லேப்டாப் மூன்று முறை உறுமிவிட்டது. ஒவ்வொரு முறையும் புரூஃப்காரர் அதன் முதுகில் தட்டிக்கொடுத்து, "இன்னைக்கு ஒரு நாள் மானத்தக் காப்பாத்து, போதும்" என்று கெஞ்சினார். நான்காவது உறுமலில் பக்கத்திலிருந்த தம்ளர் மேசையில் ஓர் அங்குலம் நகர்ந்தது.

"காலங்காத்தால அதோட என்ன பேச்சுவார்த்தை?" என்றாள் மனைவி.

"பதினோரு மணிக்குப் பொண்ணு கூப்பிடறா. அவ மேடமும் வர்றாங்க, மொத்த டீமும் வருது. தெரியும்ல?"

"எனக்குத் தெரியும், கீழ சலூன்ல தெரியும், தபால்காரருக்குத் தெரியும். தெரியாதவங்க யாராவது மிச்சம் இருக்காங்களா?"

புரூஃப்காரர் பள்ளிப் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவர். இருபத்தெட்டு வருடமாக அடுத்தவர் பிழைகளைச் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்து, எங்கே குறை கண்டாலும் கை பரபரக்கும் நிலைக்கு வந்திருந்தார். அவர் திருத்திய பாடங்கள் பிழையில்லாமல் வெளிவந்தன. அவர் திருத்திய குழாய், குடை, சுவர்க்கடிகாரம் மூன்றும் பரணில் கிடந்தன.

மகள் லேப்டாப் தயாரிக்கும் கம்பெனியில் இன்ஜினீயர். அதிலும் சத்தத்தைக் குறைக்கும் பிரிவு. நோட்டுப் புத்தகம் அளவில், எழுநூறு கிராம் எடையில், மூச்சுவிடுவதுகூடக் கேட்காத ஒரு லேப்டாப்பை அவளுடைய டீம் மூன்று வருடமாக உருவாக்கிக்கொண்டிருந்தது. அவள் அளவு சொன்ன அன்றே புரூஃப்காரர் ஓர் அட்டையை அதேபோல் வெட்டி, உள்ளே ஐந்தாம் வகுப்பு அறிவியல் புத்தகங்களை வைத்து, மளிகைக் கடைத் தராசில் சரியாக எழுநூறு கிராமுக்குக் கொண்டுவந்து, சுற்றி டேப் ஒட்டிவிட்டார். அன்றிலிருந்து அது அவர் பையைவிட்டு இறங்கவில்லை.

"புடிச்சுப் பாருங்க, எவ்ளோ லேசு. என் பொண்ணு பண்றது" என்பார் சலூன்காரரிடம். "காதுல வெச்சுப் பாருங்க. சத்தம் வருதா?"

"அட்டைல எப்படி சார் சத்தம் வரும்?"

"அதேதான். இதுலயும் வராது."

அந்த லேப்டாப் கடைக்கு வரும்வரை வேறு எதையும் வாங்குவதில்லை என்று அவர் சபதம் எடுத்திருந்தார். மகள் கல்லூரியில் படித்தபோது வைத்திருந்த பழசிலேயே வேலை நடந்தது. மூன்றரைக் கிலோ. போட்ட ஐந்தாவது நிமிடம் மாவு மில் ஓடுவதுபோல் ஆரம்பித்துவிடும்.

சனிக்கிழமைதோறும் பதினோரு மணிக்கு மகள் ஆபீசிலிருந்தே வீடியோவில் வருவாள். அன்று மற்ற பிரிவுகளுக்கு லீவு, இடம் அமைதியாக இருக்கும் என்பாள். அப்பாவின் குரல் தெளிவாகக் கேட்கவேண்டும் என்று, போன தடவை ஊருக்கு வந்தபோது அவளே மேசையில் ஒரு குட்டி மைக்கை ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். பேசி முடித்ததும், "அப்பா, ஒரு நிமிஷம் பேசாம அப்படியே இருங்க" என்பாள். அவரும் அசையாமல் இருப்பார். அவளும் வாய் திறக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அவர் தெருவில் சொல்லாத ஆள் கிடையாது. "எந்தப் பொண்ணு அப்பன் மூஞ்சிய ஒரு நிமிஷம் சும்மா பார்த்துட்டு இருப்பா, சொல்லுங்க?" அவள் தலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை தெரியும். அதில் 'அப்பா' என்று எழுதியிருப்பது பாதி தெரியும், மீதியை அவள் தலை மறைக்கும். அதையும் அவர் விடவில்லை. "ஆபீஸ் பலகைல என்னை எழுதி வெச்சிருக்கா."

இப்படிப்பட்ட மகளின் மேடம் இன்றைக்கு முதல்முறையாக வரப்போகிறார். சத்தத்தை ஒழிக்கச் சம்பளம் வாங்குகிறவளின் அப்பன் வீட்டில் மாவு மில் ஓடினால் மேடம் என்ன நினைப்பார்? சொந்த வீட்டுச் சத்தத்தை அடக்கத் தெரியாதவள் என்று அவளை ஒரு பார்வை பார்த்தாலும் போச்சு. மூன்று வருட உழைப்பு தன்னால் கெட்டதென்று ஆகக்கூடாது.

"போன்லயே பேசிட்டாப் போச்சு" என்றாள் மனைவி.

"கேட்டுட்டேன். லேப்டாப்லயே வாங்கப்பாங்கறா."

போன் மினுக்கியது. மகள்தான் எழுதியிருந்தாள். 'அப்பா, எப்பவும் உக்கார்ற எடத்துலயே உக்காருங்க. எதையும் மாத்தாதீங்க. முக்கியமா லேப்டாப்ல கை வெக்காதீங்க.'

"பாவம், கொழந்த பயப்படறா" என்றார் புரூஃப்காரர். "நான் பார்த்துக்கறேன்."

நேராகக் கீழே இறங்கிப் போய், சலூனிலிருந்து முடி உலர்த்தும் டிரையரை வாங்கி வந்தார். விசிறியில் அடைந்திருக்கும் தூசிதான் காரணம் என்பது அவர் கணிப்பு. ஓட்டையில் வைத்து ஊதினார். எட்டு வருடத் தூசியில் பாதி அவர் மூக்குக்குள் போனது. மீதிப் பாதி உருண்டு திரண்டு விசிறிக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டது. பதினேழு தும்மலுக்குப் பிறகு லேப்டாப்பைப் போட்டார். உறுமல் போகவில்லை. கூடவே ஒரு கடகடப்பு சேர்ந்திருந்தது.

"முன்னாடி மாவு மில். இப்ப கல்லும் சேர்ந்து அரையுது" என்றாள் மனைவி.

"சூடுதான் பிரச்சினை. சூடானாத்தான் விசிறி சுத்தும். குளுமையா வெச்சா அது ஏன் சுத்தப்போகுது?"

மனைவி பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பல் பிடுங்கியவர்கள் கன்னத்தில் வைத்துக்கொள்ளும் ஐஸ் பைகள் வீட்டு ஃபிரிட்ஜிலும் நாலைந்து இருக்கும். அவள் வேண்டாம் வேண்டாம் என்னும்போதே அவர் இரண்டை எடுத்து லேப்டாப்புக்கு அடியில் வைத்தார். விசிறி மெல்ல மெல்ல அடங்கியது.

"பாத்தியா?" என்று அவர் திரும்புவதற்குள் ஐஸ் வியர்த்து, ஈரம் உள்ளே போய், ஏதோ ஒரு பொத்தான் அமுங்கிய நிலையிலேயே நின்றுவிட்டது. லேப்டாப் விடாமல் 'பீப்' என்று கத்த ஆரம்பித்தது.

மணி பத்தேகால். கடகடப்பு, உறுமல், கத்தல். கீழேயிருந்து சலூன்காரர் குரல் கொடுத்தார்: "சார், டிரையர் வெடிச்சிடுச்சா?"

"டிரையர் நல்லாருக்கு" என்று கத்திவிட்டு, அதே டிரையரால் ஈரத்தை உலர்த்தினார் புரூஃப்காரர். சீக்கிரம் காயட்டும் என்று முழுச் சூட்டில் வைத்தார். பொத்தான் விடுபட்டது, கத்தல் நின்றது. ஆனால் டிரையர் சூட்டில் லேப்டாப் கொதித்துப்போய், அதுவரை இருந்ததெல்லாம் வெறும் ஒத்திகை என்பதுபோல் விசிறி முழு வேகத்தில் ஊளையிட்டது. தம்ளர் மேசையிலிருந்து கீழேயே விழுந்துவிட்டது.

"ஏங்க, பேசாம மேடத்துகிட்ட உண்மையச் சொல்லிடலாம்" என்றாள் மனைவி. "பழைய லேப்டாப்பு, சத்தம் போடும்னு. என்ன குறைஞ்சிடும்?"

"என் பொண்ணு குறைஞ்சிடுவா" என்றார் அவர். "பத்தாவது படிக்கும்போது இந்த வீட்ல ஒரு அமைதி கெடையாதுன்னு மொட்டை மாடில போய்ப் படிச்சவ அவ. இன்னைக்கு ஊருக்கே அமைதிய செஞ்சு குடுக்கறா. அவங்க மேடம் முன்னாடி இந்த வீடு ஒரு பத்து நிமிஷம் சும்மா இருக்கட்டுமே."

மனைவி உள்ளே போய், பல் பிடுங்கிய இடத்தில் வைக்கும் பஞ்சு உருளை இரண்டைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

மணி பத்து ஐம்பத்திரண்டு. அடிமூடியில் ஏற்கெனவே மூன்று திருகாணி இல்லை, அதனால் கழற்றுவது சுலபமாக இருந்தது. பஞ்சை விசிறியின் இறக்கைக்கு இடையில் திணித்தார். விசிறி ஒருமுறை முனகிவிட்டு நின்றுபோனது. வீடு இப்படி அமைதியாக இருந்து எத்தனை வருடம் ஆயிற்றென்று இருவருக்கும் நினைவில்லை. அடுத்த தெருவில் யாரோ சைக்கிள் மணி அடிப்பது கேட்டது.

"எவ்ளோ நேரம் தாங்கும்?" என்றாள் மனைவி கிசுகிசுப்பாக.

"இருபது நிமிஷம். அப்புறம் தானா அணைஞ்சிடும். அதுக்குள்ள பேசி முடிச்சிடறேன்."

சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். பதினோரு மணிக்குத் திரை விரிந்தது. நடுவில் மகள். பக்கத்தில் கண்ணாடி போட்ட மேடம். பின்னால் ஏழெட்டுப் பேர், ஒரு வழுக்கைத் தலைக்காரர் காதில் பெரிய ஹெட்போனோடு. எல்லாருக்கும் முன்னால், மேசைமேல், நோட்டுப் புத்தகம் அளவில் சாம்பல் நிறத்தில் அது இருந்தது.

புரூஃப்காரர் பையிலிருந்த அட்டை லேப்டாப்பை எடுத்துத் திரைக்கு முன்னால் காட்டினார். இரண்டும் ஒரே அளவு.

"முடிஞ்சிடுச்சுப்பா" என்றாள் மகள். "திங்கட்கெழம ஃபேக்டரிக்குப் போகுது. கடைசியா ஒரே ஒரு டெஸ்ட் பாக்கி."

"சார், உங்களப் பத்தி நாங்க பேசாத நாளே கெடையாது" என்றார் மேடம். "உங்களப் பாக்கணும்னுதான் எல்லாரும் வந்துட்டோம்."

புரூஃப்காரர் நெஞ்சு சட்டைப் பொத்தானை இழுத்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கேட்டுக்கொண்டாயா என்று அவர் பார்வை கேட்டது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லேப்டாப்பின் அடிப்பாகம் இஸ்திரிப் பெட்டிபோல் கொதித்து, அவர் முழங்கை சுட்டது. அவர் சிரித்த முகத்தை மாற்றவில்லை.

"அப்பா, எப்பவும்போல ஒரு நிமிஷம் பேசாம இருங்க" என்றாள் மகள்.

அவர் இருந்தார். அந்தப் பக்கம் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஓர் ஈ பறந்தால்கூடக் கேட்டிருக்கும். இதைவிடப் பெரிய மரியாதையை மேடத்துக்கு எந்த வீடும் செய்திருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

மகள் முகம் சுருங்கியது. மேடம் வழுக்கைத் தலைக்காரரைப் பார்த்தார். அவர் ஹெட்போனைத் தட்டிப் பார்த்தார், ஒயரை ஆட்டிப் பார்த்தார், கையை விரித்தார்.

"அப்பா," என்றாள் மகள் மெதுவாக, "அதே லேப்டாப்தான?"

"அதேதாம்மா. உன் கைபட்ட லேப்டாப்பு, அது எங்க சத்தம் போடப்போகுது?" என்றார் புரூஃப்காரர், மேடத்துக்கும் கேட்கட்டுமென்று சற்று உரக்க.

"கை வெச்சீங்களா?"

"நானா? நான் ஒண்ணும் பண்ணலயே."

"விசிறில பஞ்சு வெச்சிருக்கார்" என்றாள் மனைவி பின்னாலிருந்து. இருபத்தொன்பது வருடத் தாம்பத்தியத்தில் அவள் பொய் சொல்லிப் பழகியதில்லை.

மகள் தலையில் கை வைத்துக்கொண்டு மேசைமேல் குனிந்தாள். அவள் குனிந்ததும் பின்னாலிருந்த வெள்ளைப் பலகை முதல்முறையாக முழுதாகத் தெரிந்தது. முதல் வருடம், முக்கால் அப்பா. இரண்டாம் வருடம், கால் அப்பா. மூன்றாம் வருடத்துக்கு நேரே இடம் காலியாக இருந்தது.

வழுக்கைத் தலைக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, கும்பிடாத குறையாகத் திரைக்கு முன்னால் வந்தார்.

"சார், தயவுசெஞ்சு அந்தப் பஞ்ச எடுத்துடுங்க, மூணு வருஷமா இங்க சத்தத்த நாங்க 'அப்பா' கணக்குலதான் அளக்கறோம், இந்தக் குட்டி மெஷின் அரைக்கால் அப்பாகூட இல்லன்னு பலகைல எழுதணும்னா, முழு அப்பா எவ்ளோன்னு கடைசியா ஒரு தடவ கேட்டாகணும்ல?"