கரடி கடலுக்குப் போகாத கதை

கடலுக்கு வெகுதூரம் தள்ளி ஒரு காட்டில், மலையடிவாரக் குகை ஒன்றில், சடையாண்டி என்று ஒரு கரடி இருந்தார். தேன் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளுண்டு. கோபத்தை வைத்துக் காப்பாற்றுவதில் ஆளில்லை. மற்றவர்கள் கோபம் ஒரு மழைக்குக் கரைந்துவிடும். அவருடையது ஊறுகாய் மாதிரி, நாளாக ஆக ருசி கூடும்.

அதில் மூத்த கோபம் நல்லபெருமாள் என்ற நரி மேல். மகள் கல்யாணத்துக்கு வெற்றிலைத் தட்டோடு குகைக்கு வந்து அழைக்க வேண்டியவன், ஆற்றில் குளித்துக்கொண்டே அக்கரையிலிருந்து, "அண்ணாச்சி, புதன்கிழமை வந்திருங்க" என்று கத்தினான். வாயில் தண்ணீர் வேறு. சடையாண்டி போகவில்லை. அவர் வராததை யாரும் கவனிக்கவும் இல்லை. அது தனிக் கோபம்.

அப்பேர்ப்பட்டவருக்கும் ஓர் ஆசை இருந்தது. கடலைப் பார்க்க வேண்டும். ஆனி மாதம் கணவாய் வழியாக வரும் காற்றில் மூக்கு நுனி லேசாக உப்புக் கரிக்கும். குட்டிப் பருவத்திலிருந்து அதை நக்கிப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவர் அவர். கடலுக்கு அக்கரையே கிடையாது என்று ஒரு கொக்கு சொன்ன பிறகு ஆசை இன்னும் கூடிப்போனது. அக்கரை இல்லாத தண்ணீர் என்றால், அங்கிருந்து எவனும் கத்தி அழைக்க முடியாது.

ஒரு வருஷம் நரி ஒரு திட்டம் போட்டான். நடுக்கடலில் ஒரு தீவு, தீவில் ஒரு ரிசார்ட், காட்டில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரு வாரம் போய்த் தங்கிவிட்டு வருவது. நாவல் மரத்தடியில் கூட்டம் கூட்டி, செல்போனில் இருந்த விளம்பரத்தை உரக்கப் படித்தான்.

"ஈ காக்கை இல்லாத வெண்மணல் கடற்கரை."

"அப்ப நான் வரலை," என்றாள் குப்பாயி. அவள் காக்கை.

"அது ஒரு பேச்சுக்குப் போட்டிருக்கான், மதினி."

"பேச்சுக்குன்னாலும் எங்களை ஏன் இழுக்கணும்? ஈயைக் கேட்டுப் பாரு, அவளுக்கும் வருத்தம் இருக்கும்."

"அங்க சேறு உண்டா?" என்று கேட்டாள் வீரம்மாள் என்ற காட்டெருமை.

"மணல்தான் அக்கா. மசாஜ் பண்ணிவிடுவாங்க."

"மசாஜை வச்சு நான் என்ன பண்ண? மணல்ல புரண்டா அரிக்குமே."

சடையாண்டி அந்தக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, காது கேட்கும் தூரத்தில், கறையான் புற்று ஒன்றைக் கிளறிக்கொண்டிருந்தார். புற்றில் கறையான் தீர்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. 'இப்போது திரும்பிக் கூப்பிடுவான்' என்று நினைத்தார். நரி கூப்பிடவில்லை. எல்லோருடைய செல்போனுக்கும் ஒரே கேள்வியைத் தட்டிவிட்டுப் போய்விட்டான். சடையாண்டியின் போனிலும் அது வந்து நின்றது. 'ரிசார்ட்டுக்கு வருகிறீர்களா? ஆம். இல்லை.'

கரடி குலத்தில் அழைப்பு ஏற்க ஒரு முறை உண்டு. முதல் தடவை கேட்டால், "நான் எதுக்குப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். மறுபடி கேட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்ல வேண்டும். அதற்கும் மேல், "நீங்க இல்லாம நாங்க போவமா?" என்று அவர்கள் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். அப்போது, வேண்டா வெறுப்பாக எழுந்து, ஏற்கெனவே கட்டி வைத்திருக்கும் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். உடனே ஆம் என்பவன் சோற்றுக்கு அலைபவன்.

ஆகவே சடையாண்டி முறைப்படி 'இல்லை' என்பதை அழுத்தினார்.

'உங்கள் பதில் பதிவாகிவிட்டது. நன்றி' என்றது போன்.

அடுத்த கேள்விக்காக அதைப் பாறையில் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். அது கேட்கவில்லை. பேச்சுத் துணை இல்லாமல் கேட்கக் கூச்சப்படுகிறதோ என்று, லேசாக இருமியும் பார்த்தார். இடையில் பையும் கட்டி முடித்துவிட்டார். ஒரு துண்டு, தேனடை, உப்பு அள்ளி வர ஒரு சுரைக்குடுக்கை.

மறுநாள் குப்பாயி குகைப் பக்கம் வந்தாள்.

"மதினி, இந்தப் போன் ஒரு தடவை கேட்டா மறுபடி கேக்குமா?"

"எதை அண்ணாச்சி?"

"ஒண்ணுமில்லை."

"நீங்க வரலைன்னு அழுத்திட்டீங்களாமே. நல்லபெருமாள் சொன்னான்."

"அழுத்தினா? நேர்ல வந்து ஒரு வார்த்தை கேட்டா அவன் வாய் கழண்டு விழுந்திருமா?"

குப்பாயி பறந்து போய் நரியிடம் சொன்னாள். நரி உதட்டைப் பிதுக்கினான். "அவருக்கும் சேர்த்து அறை கேட்டிருப்பேன். அவரே வேண்டாம்னுட்டாரு. இப்ப இடம் நிரம்பிப் போச்சு."

புறப்படும் அன்று காலையில் சடையாண்டி பாதையோரம் நின்றார். பை புதருக்குப் பின்னால் இருந்தது. வரமாட்டேன் என்ற குப்பாயியும் ஏறியிருந்த ஜீப் பக்கத்தில் வந்ததும், எறும்புப் புற்றைத் தேடுகிறவர் போலக் குனிந்துகொண்டார்.

"போயிட்டு வாரோம் அண்ணாச்சி," என்று நரி கையை ஆட்டினான். ஓடுகிற வண்டியில் இருந்து.

புழுதி அடங்கியது. சடையாண்டி பையை எடுத்துக்கொண்டு குகைக்குத் திரும்பினார். ஆனிக் காற்று அடித்தது. மூக்கை நக்கவில்லை. பிடிவாதம் பிடித்தவன் நஷ்டப்படுவான் என்று இந்த இடத்தில் கதையை முடிப்பவர்கள் உண்டு. அவர்கள் எந்தத் தீவுக்கும் போனதில்லை.

ஜீப்பில் ஒன்றாகப் போனவர்கள், திரும்பும்போது ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் வீரம்மாள் நடந்தே வந்தாள். நேரே கரடியின் குகைக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

"கடலைப் பார்த்த அறை ஒண்ணே ஒண்ணு, அண்ணாச்சி. அதுல யார் படுத்தா தெரியுமா?"

"யாரு?"

"கூட்டிட்டுப் போனவன்தான். எனக்கு ஜெனரேட்டரைப் பார்த்த அறை. சண்டை வந்துட்டு. சண்டை வந்தா கோவிச்சிட்டுப் போகணுமா இல்லையா?"

"கண்டிப்பா போகணும்."

"எங்க போக? அது தீவு. நான் கோவிச்சிட்டு விறுவிறுன்னு நடந்தேன். கொஞ்ச நேரத்துல அதே சாப்பாட்டு மேசைக்கு முன்னால வந்து நிக்கேன். அவன் இட்லி தின்னுக்கிட்டு இருக்கான். படகு வாரத்துக்கு ஒரு தடவைதான். குப்பாயி பறந்து போனா. சுத்திலும் தண்ணி. அவளும் திரும்பி வந்து அதே மேசையிலதான் உக்காந்தா."

சடையாண்டிக்கு உடம்பு சிலிர்த்தது. கோபித்துக்கொண்டு போக இடமில்லாத ஊர் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

வீரம்மாள் போகும்போது ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினாள். "அடுத்த வருஷம் நாம தனியா போவோம். நான் சண்டை போடாத ஆள் இந்தக் காட்டுல நீங்க ஒருத்தர்தான்."

அதே வார்த்தையை மறுநாள் குப்பாயியும் சொன்னாள். அவளும் தட்டோடுதான் வந்தாள். கடைசியாக நல்லபெருமாள் வந்தான். ஆற்றைக் கடந்து, தலை துவட்டி, புது வெற்றிலையோடு குகை வாசலில் நின்றான்.

"அண்ணாச்சி, அடுத்த வருஷம் நீங்க வரணும்."

"நான் எதுக்குப்பா? நீங்க போயிட்டு வாங்க."

"அப்படிச் சொல்லக் கூடாது. கடலைப் பார்த்த அறை உங்களுக்குத்தான்."

"உடம்பு சரியில்லை."

நரி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க இல்லாம நான் போவேனா?"

எழுந்திருக்க வேண்டிய நேரம் இதுதான். பை கட்டியபடியே மூலையில் இருந்தது. வாயைத் திறந்தவர், அந்தச் சாப்பாட்டு மேசையை நினைத்துப் பார்த்தார். போய் வந்தால் இவனோடும் பேச்சு நின்றுபோகும். அப்புறம் இந்தத் தட்டு யார் வீட்டுக்குப் போகும்?

"வெற்றிலையை வச்சிட்டுப் போ," என்றார். "வரலை."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஆனியிலும் எல்லோரும் தனித்தனியாக வந்து அவரை அழைக்கிறார்கள். அவர் முறைப்படி மறுத்து, வெற்றிலையை மென்றுகொண்டே மூக்கை நக்கிப் பார்க்கிறார். இன்னும் லேசாகக் கரிக்கிறது.

நீதி: கடலுக்குப் போனவனுக்குக் கடல் மட்டுமே கிடைக்கும், வரமாட்டேன் என்றவனுக்கு வருஷா வருஷம் வெற்றிலை கிடைக்கும்.