ஆமத்தூர்ச் சிங்கத்தின் இருப்பிடச் சான்று

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகம். எந்தத் தாலுகா என்று சொல்லப்போவதில்லை. அவரவர் தங்களுடையது என்றே நினைத்துக்கொள்ளலாம். 2008 ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை, ஆமத்தூர் சின்னச்சாமி மகன் முனியராஜ் என்பவர் அங்கே இருப்பிடச் சான்று கேட்டு மனுக் கொடுத்தார். மேற்படி மனு முறைப்படி வாங்கி வைக்கப்பட்டது.

சின்னச்சாமி பட்டாசுக் கம்பெனியில் வாணவெடி கட்டியவர். மால்டா என்கிற குட்டித் தீவில் மாதா கோயில் திருவிழா வெடிக்கு ஆள் வேண்டும் என்று போனவர், வெடியோடு நிற்காமல் அந்த ஊர்ப் பெண்ணையும் கட்டிக்கொண்டார். முனியராஜ் பிறந்தது விருதுநகரில், வளர்ந்தது மால்டாவில். அங்கே அவனை இந்தியன் என்றார்கள். இங்கே வெள்ளைக்காரன் என்றார்கள். பந்து மட்டும் ஒன்றும் கேட்காமல் அவன் காலோடு ஒட்டிக்கொண்டது.

மால்டா இளைஞர் கால்பந்து அணிக்கு ஆடிவிட்டான். இருபத்தொரு வயது நிறைவதற்குள் எழுதிக் கொடுத்தால் வேறு நாட்டுக்கு மாறலாம். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் முடியாது. இந்தியா தோற்ற நாளெல்லாம் அப்பா சாப்பிடாமல் படுப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்பாவின் நாட்டுக்கு ஆட வேண்டும் என்று ஒரே ஆசை. அதற்கு இந்திய பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்கு இருப்பிடச் சான்று வேண்டும். இருபத்தொன்று நிறைகிற பிறந்தநாளோ அந்தப் புரட்டாசி முப்பது.

அவனுடைய ஆசை ஆனி மாதமே பேப்பரில் வந்துவிட்டது. அதைப் படித்தவர்களில் சிவகாசி அச்சக முதலாளி ராஜபாண்டியனும் ஒருவர். சிவகாசியில் அடுத்த வருஷம் ஆடி மாதமே வந்துவிடும். ஆடிப் பதினெட்டுக்கு மாதிரிக் காலண்டர் போட்டால்தான் ஆர்டர் பிடிக்க முடியும். சாமி படமும் குழந்தை படமும் அலுத்துப்போய், விளையாட்டு வீரர் மோஸ்தர் ஆரம்பித்திருந்த சமயம். ஆகவே 2009 காலண்டரில் முனியராஜ் பந்தோடு நின்றான். அப்பாவின் நிறத்தை எடுத்துவிட்டு அம்மாவின் நிறத்தை மட்டும் அச்சகம் வைத்துக்கொண்டது. கீழே, ‘இந்திய அணியின் ஆமத்தூர்ச் சிங்கம்’ என்று போட்டு, முதல் பிரதியைத் தாலுகா அலுவலகத்துக்கு மரியாதையாக அனுப்பினார் முதலாளி.

அந்தக் காலண்டருக்கு நேர் கீழேதான் உதவியாளர் இராமகிருஷ்ணனின் நாற்காலி. அவர் மனுவைப் பார்த்தார், முனியராஜைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

“நீங்க ஏற்கனவே இந்தியாவுக்குல்ல ஆடிக்கிட்டு இருக்கீக?”

“இல்லைங்க. ஆடுறதுக்குத்தான் சான்று கேக்கேன்.”

“சான்று இல்லாம ஆட முடியுமா தம்பி?”

“முடியாதுங்க.”

“அப்ப ஒண்ணு வாங்கியிருக்கீக. இது ரெண்டாவது. முதல்ல வாங்குனது தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல எழுதி வாங்கிட்டு வாங்க. மறுநகல் தாறேன்.”

“அது அடுத்த வருஷக் காலண்டருங்க.”

“அடுத்த வருஷம் ஆடுறவரு, இந்த வருஷமே சான்று வாங்காமலா இருப்பீக?”

முனியராஜ் காவல் நிலையத்துக்குப் போய், இல்லாத சான்று தொலைந்துவிட்டதாக எழுதச் சொன்னான். இல்லாததைத் தொலைத்ததாகச் சொல்வது பொய்ப் புகார், அது குற்றம் என்றார்கள். வேறு வழியில்லாமல் பஸ் ஸ்டாண்டில் தொலைத்ததாகச் சொன்னான். அவர்கள் ஒரு மாதம் மனசாட்சியோடு தேடினார்கள். புரட்டாசி இருபத்தெட்டாம் தேதி, கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஸ்டேஷன் ரைட்டர் மகளுக்கு ஆட்டோகிராப்.

மறுநகலுக்கு மூலச் சான்றின் எண் வேண்டும் என்றார் இராமகிருஷ்ணன். எண் எங்கே இருக்கும்? மூலச் சான்றில் இருக்கும்.

முப்பதாம் தேதி முடிந்தது. லாட்ஜ் அறையில் உட்கார்ந்து முனியராஜ் வாய்விட்டு அழுதான். போனில் விஷயத்தைக் கேட்ட அப்பா, “சாப்பிட்டியாலே?” என்றார்.

மறு வருஷம் ஒரு சிநேகப் போட்டியில் மால்டா இந்தியாவை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. அந்த ஒன்று முனியராஜுடையது. மாவட்டமே கொண்டாடியது. பத்தாயிரம் வாலா வெடித்தது. ‘இந்தியாவைத் தோற்கடித்த நம் மண்ணின் மைந்தனே வருக’ என்று ஆளுயர பிளெக்ஸ் வைத்தார்கள். அப்பாவையும் மகனையும் வரவழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். யாரும் மனுக் கொடுக்காமலேயே தாசில்தார் இருப்பிடச் சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேடையில் வழங்கினார்.

முனியராஜ் மேடையை விட்டு இறங்கியதும் இராமகிருஷ்ணன் ஒரு பைலோடு ஓடி வந்தார். உள்ளே அவர் மகனின் விவரம். “இங்கன திறமைக்கு மதிப்பே கெடையாது தம்பி. பயலை உங்க மால்டாவுல ஏதாச்சும் டீம்ல சேத்து விடுங்க.”

அவருக்குப் பின்னால் வரிசை. ராஜபாண்டியன் தன் மகள் பிரீத்திகாவின் சான்றிதழ்களோடு நின்றார், ஸ்டேஷன் ரைட்டர் நின்றார், மாவட்டக் கால்பந்துக்காரர்கள் மொத்தமும் நின்றார்கள். கடைசியில், தன் தம்பி மகன்கள் மூவரின் காகிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு சின்னச்சாமி நின்றார்.

முனியராஜ் அப்பாவையே பார்த்தபடி கேட்டான். “எல்லாரும் அங்கன வந்துட்டா, இந்தியாவுக்கு யாரு ஆடுவாக?”

இராமகிருஷ்ணன் உண்மையிலேயே யோசித்தார்.

“உங்கள மாதிரி யாராச்சும் ஆசைப்பட்டு வராமலா போயிருவாக? வரட்டும் தம்பி, நாங்க பாத்துக்கிடுதோம்.”