கடலுக்குச் சரியான விடை

ஒரு காட்டில் ஓர் அலுவலகம் இருந்தது. மரம், ஏரி, ஒரு கிழட்டுப் புலிகூட இருந்ததாகச் சொல்வார்கள். அவற்றைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை, எல்லாரும் வரிசையில் நின்றார்கள். தண்ணீர் குடிக்க ஒரு சீட்டு, புல் மேய ஒரு சீட்டு, மழை வந்தால் மரத்தடியில் ஒதுங்க ஒரு சீட்டு. இத்தனைக்கும் சன்னல் ஒன்றுதான். அதன் பின்னால் உடும்பு தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். பிடித்த கோப்பை அவர் விடவும் மாட்டார், திறக்கவும் மாட்டார்.

இப்படி ஒரு வரிசையில் நிற்பவர்கள் என்றைக்காவது ஒருநாள் சன்னலைப் பெயர்த்து எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. காரணம், ஒரு தொடர்கதை. வெள்ளிக்கிழமைதோறும் மைனா அதை வரிசைக்கு முன்னால் உட்கார்ந்து உரக்க வாசிக்கும். கதையின் பெயர் ‘புகையும் தீவில் பொன்மாலா’. எழுதியவர் ஆழிப்புலி.

அதில் மாலுமி மானவேலன் என்ற கலைமான் வாயில் குத்துவாளைக் கவ்விக்கொண்டு சுறாக்களுக்கு நடுவே நீந்துவான். தீவின் நடுவில் ஒரு மலை எப்போதும் புகைந்துகொண்டிருக்கும். கடல் எந்நாளும் மரகத நீலம். யாருக்கும் பசிக்காது, பசித்தால் தலைக்கு நேரே பழம் தொங்கும். இங்கே ஏரி வற்றி முழங்கால் சேறாகிக் கொண்டிருந்தது. தூர்வார வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தச் சேற்றிலேயே நின்றுகொண்டு, வாயில் ஈ போவது தெரியாமல், எல்லாரும் பவளக் கடலில் மிதந்தார்கள். படிக்கிறவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். ஏன் கூடாது, நான் சொல்கிறேன்.

இந்தக் காட்டில்தான் கஸ்பார் வந்து விழுந்தான்.

கஸ்பார் ஓர் ஆலா. கடற்கரைக்காரர்களுக்கு ஆலாவைத் தெரியும். வெள்ளை உடம்பு, கருப்புத் தலை, தண்ணீரில் தலைகுப்புறப் பாய்ந்து மீன் பிடிக்கும் பறவை. அவன் பிறந்து வளர்ந்தது கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்த ஒரு மணல்திட்டுத் தீவு. மீன் கொண்டுவரப் போனவனைப் புயல்காற்று தூக்கி, இரண்டு மாவட்டம் தாண்டி, ஏரிக்கரையில் போட்டது. இடது இறக்கை தொங்கிப் போயிருந்தது.

நாரை வைத்தியர் இறக்கையைத் தடவிப் பார்த்து, நாரால் கட்டுப் போட்டார். “எலும்பு ஒடியல. ஒரு மாசம் அசைக்காம இருந்தா பறக்கலாம்.”

“ஒரு மாசமா? எம்பொஞ்சாதி ரோசம்மா முட்டை மேல உக்காந்திருக்கா வைத்தியரே. மூணு முட்டை. பொரிஞ்சிட்டுன்னா ஒருத்தியால மூணு வாய்க்கு மீன் கொண்டாந்து முடியாது.”

“அப்ப சீக்கிரம் தங்கல் சீட்டு வாங்கு. வெளியாள் சீட்டு இல்லாம மூணு நாளைக்கு மேல இங்க இருக்க முடியாது. எல்லைக்கு வெளிய விட்டுருவாங்க.”

“எல்லைக்கு வெளிய என்ன இருக்கு?”

“மீன்கடைத் தெரு. ஏழு பூனை இருக்கு. அதுங்க சீட்டெல்லாம் கேக்காது.”

கஸ்பார் வரிசையில் போய் நின்றான். தத்தித் தத்திச் சன்னலுக்கு வந்து சேர ஒரு பகல் ஆனது. படிவத்தில் ‘எங்கிருந்து வருகிறீர்’ என்ற இடத்தில் கடல் என்று எழுதிக் கொடுத்தான். தணிகாசலம் நாக்கை ஒருமுறை நீட்டி இழுத்துக்கொண்டார்.

“கடல்னு யார் வேணும்னாலும் எழுதலாம். சரிபார்க்கணும். மூணு கேள்வி. கடல் என்ன நிறம்?”

கஸ்பாருக்கு உயிர் வந்தது. தெரிந்த கேள்வி. “அது நேரத்துக்கு ஒண்ணு சார். காலைல ஈயம் மாதிரி இருக்கும். மழை பெஞ்சு ஆத்துத் தண்ணி வந்துட்டுன்னா செம்மண் கலரு. சில நாள் பச்சையா, பாசி பிடிச்ச மாதிரி.”

உடும்பு பக்கத்திலிருந்த தடித்த புத்தகத்தைப் புரட்டினார். தொடர்கதையின் அத்தியாயங்களைச் சேர்த்துத் தைத்த புத்தகம். “மரகத நீலம்” என்று விரலால் தொட்டுப் படித்துவிட்டு, படிவத்தில் பெருக்கல் குறி போட்டார். “தீவின் நடுவில் இருப்பது என்ன?”

“எலி சார். புயலுக்குப் பொறவு அறுந்த செருப்பு, பிளாஸ்டிக் கேன், வலைத்துண்டு எல்லாம் ஒதுங்கும். நடுவுல ஒரே ஒரு தாழம்புதர்.”

வரிசையில் சிரிப்பு கிளம்பியது. முயல் ஒன்று சிரித்துச் சிரித்துத் தன் இடத்தையே விட்டுவிட்டது.

“புகையும் மலை” என்றார் தணிகாசலம். இன்னொரு பெருக்கல் குறி. “தாகம் எடுத்தால் தீவில் என்ன குடிப்பார்கள்?”

“எங்களுக்குக் கடத்தண்ணியே போதும். மத்தவனுக்கு அங்க நல்ல தண்ணி கிடையாது சார். ஒரு தடவை ரெண்டு மீன்காரங்க எஞ்சின் கெட்டுப்போயி வந்து மாட்டிக்கிட்டாங்க. மூணாம் நாள் நாக்கு வெளிய தள்ளிப்போச்சு.”

“இளநீர். பதினாலாம் அத்தியாயம்.” புத்தகத்தை மூடினார். “நீ கடலைப் பார்த்ததே இல்லை.”

“சார், நான் அங்கதான் பொறந்தேன்.”

“பொறந்தவன் எவனும் செருப்பைப் பத்திப் பேசமாட்டான். கடல் வல்லுநர்கிட்ட கடிதம் வாங்கிட்டு நாளைக்கு வா. அதுக்கு மேல நாள் இல்ல.”

காட்டில் கடல் வல்லுநர் ஒருவர்தான். ஆழிப்புலி.

ஆழிப்புலி என்ற பெயரைக் கேட்டதும் கஸ்பார் ஒரு கடற்புலியைத்தான் எதிர்பார்த்தான். வளைக்குள் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. தன் முதுகு முள்ளையே பிடுங்கி மையில் தோய்த்து எழுதிக்கொண்டிருந்தது. மூலையில் ஒழுகிய கூரைக்கு அடியில் சட்டி வைத்து, அந்தச் சட்டியிலிருந்து எட்டத் தள்ளி உட்கார்ந்திருந்தது. தண்ணீர் என்றால் அதற்கு அவ்வளவு பயம்.

“கடல் பக்கமா?” முள்ளம்பன்றி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தியது. “நெஜமாவே பக்கத்துல போயிருக்கியா? ஒண்ணு கேக்கணும். உப்புங்கிறாங்களே, முழுக்கவா? ஓரத்துல மட்டும்னு நெனச்சேன்.”

“முழுக்க.”

“அடிவரைக்குமா?”

“அடிவரைக்கும்.”

முள்ளம்பன்றி அதை ஒரு தாளில் குறித்தது. பிறகு யோசித்து அடித்துவிட்டது. “வாசகருக்குப் பிடிக்காது.”

கஸ்பார் கடிதம் கேட்டான். முட்டைகளைச் சொன்னான், ஏழு பூனைகளையும் சொன்னான். முள்ளம்பன்றிக்குக் கண் கலங்கியது. கண் கலங்குவது அதற்குத் தொழில், அதில் குறை வைக்கவில்லை. ஆனால் கடிதம் எழுதவில்லை.

“நீ சொல்றது சரின்னு நான் எழுதிக் கொடுத்தா, நான் எழுதினது என்ன ஆகும்? எலின்னு ஒரு வார்த்தை போதும், தொடரே நின்னுபோகும். வேற வழி சொல்றேன். இந்தா, அம்பத்திரண்டு அத்தியாயம். ஒரே நாள்ல படிச்சுடலாம். படிச்சுட்டுப் போனா தேறிடுவ.”

“நான் பொறந்த ஊரைப் பத்தி நான் படிக்கணுமா?”

“அதுதான் உன் குறை. பொறந்ததால ஒரே ஒரு தீவைப் பார்த்துட்டு உக்காந்திருக்க.”

கஸ்பார் தாள்கட்டைத் தூக்க முடியாமல் தள்ளிக்கொண்டே போனான். முதல் அத்தியாயத்தில் காறித் துப்பினான். மூன்றாம் அத்தியாயத்தில், கலைமான் குத்துவாளைக் கவ்விய வாயால் வசனம் பேசியதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தான். பத்தாம் அத்தியாயத்தில் சிரிப்பு நின்றது. இருபதாம் அத்தியாயத்தில் நாரை கொண்டுவந்து வைத்த மீன் காய்ந்து கிடந்தது. ஐம்பத்திரண்டு முடிந்தபோது, பொன்மாலா குகைக்குள் இருக்க, வாசலை அலை மூடிக்கொண்டது. ஐம்பத்து மூன்று அந்த வெள்ளிக்கிழமைதான் வரும். கஸ்பாருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மறுநாள் சன்னலில் கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. மரகத நீலம். புகையும் மலை. இளநீர். மூன்றுக்கும் சரி விழுந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வரிசை வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்ததும் அவனுக்கு நாக்கு நமநமத்தது. அந்த மலையடியில் முத்துச்சிப்பி பிளக்கும் ஓசை அந்தியில் வீணை போலக் கேட்கும் என்று எடுத்துவிட்டான். நேற்றுச் சிரித்த முயல் விம்மியது. தணிகாசலம் தாமாக எழுந்து சீட்டைக் கையில் கொடுத்தார்.

அன்றிலிருந்து கஸ்பாருக்கு மீன் தட்டில் வந்தது. யாரும் வரிசையில் நிற்கச் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் இறக்கை கூடிவிட்டது. நாரை கட்டை அவிழ்க்க வந்தபோது, “இன்னும் லேசா வலிக்கு, இருக்கட்டும்” என்றான். ஐம்பத்தேழாம் அத்தியாயத்தில் மானவேலனை விஷ அம்பு தைத்திருந்தது. அவன் பிழைத்தானா என்று தெரிந்துகொண்டு கிளம்பலாம் என்பது திட்டம். மானவேலன் பிழைத்தான். உடனே கப்பல் உடைந்தது.

தணிகாசலம் உள்ளறைக்குப் பதவி உயர்ந்து போனார். அங்கே சன்னலே கிடையாது. அவர் நாற்காலி கடலறிந்த ஒரே பிறவியான கஸ்பாருக்கு வந்தது. கடல் பக்கமிருந்து ஒதுங்கி வருபவர்களை அவனே சரிபார்த்தான். கடல் கருவாட்டு நாற்றம் அடிக்கும் என்று சொன்ன, இறக்கை அடிபட்ட ஓர் உள்ளான் பறவையை மூன்றாம் நாள் எல்லைக்கு வெளியே விட்டார்கள். பூனைகளுக்கு அன்று விருந்து. கஸ்பார் அன்று மாலை கொஞ்ச நேரம் வருத்தமாக இருந்தான். மறுநாள் வெள்ளிக்கிழமை, அதனால் வருத்தம் போய்விட்டது.

மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, வரிசையின் கடைசியில் ஒரு பெண் ஆலா வந்து இறங்கியது. வெயிலில் கருத்து, வால் இறகு இரண்டு உதிர்ந்து போயிருந்தது. காடு காடாகக் கேட்டு வந்திருக்கிறாள் என்பது பார்த்தாலே தெரிந்தது. யாரிடம் பேசவும் சீட்டு வேண்டும் என்று சொன்னதால் பேசாமல் நின்று, பொழுது சாயும் நேரத்தில் சன்னலுக்கு வந்தாள். உள்ளே பார்த்தாள்.

“உசுரோட இருக்கியளா” என்றாள் ரோசம்மா. “அது போதும். கெளம்புங்க.”

கஸ்பாரின் கால் தானாக நாற்காலியை விட்டு இறங்கப் போனது. முன்னால் வரிசை மொத்தமும் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மைனா அறுபத்தைந்தாம் அத்தியாயத்தை மடியில் வைத்துக்கொண்டு, இந்த அம்மாள் நகர்ந்ததும் வாசிக்கலாம் என்று காத்திருந்தது.

“படிவம்” என்றான் கஸ்பார்.

அவள் எழுதிக் கொடுத்தாள். கடல்.

“கடல் என்ன நிறம்?”

“ஏன், ஒங்களுக்குத் தெரியாதாக்கும்? நேரத்துக்கு ஒண்ணு.”

“தீவின் நடுவில் இருப்பது என்ன?”

ரோசம்மா அவனை உற்றுப் பார்த்தாள். “எலி இருக்கு. தாழம்புதர் இருக்கு. புதருக்குத் தெக்க, அறுந்த செருப்பு ஒண்ணு கெடந்திச்சே, வெயில் படாதுன்னு நீங்கதான் அதோட நிழல்ல முட்டையிடச் சொன்னிய. மூணும் பொரிஞ்சிச்சு. ஒருத்தியா மீன் கொண்டாந்து மாளல. ஒண்ணைப் பசியில உட்டுட்டேன். ஒண்ணை, நான் கடலுக்குப் போன நேரத்துல எலி இழுத்துட்டுப் போச்சு. ஒண்ணு பறக்குது. ஒங்க சாடை.”

வரிசை சிரித்தது. செருப்பு என்ற சொல்லுக்கே சிரித்தது, மீதியைக் கேட்கவில்லை. முயல்தான் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது.

அவள் சொன்னது அவ்வளவும் சரி, காட்டிலேயே அது சரி என்று தெரிந்தவன் அவன் ஒருத்தன்தான். சரி என்று போட்டால் அவன் சீட்டு பொய், நாற்காலி பொய், மலையடியில் முத்துச்சிப்பி வீணை வாசித்தது பொய். மூன்றாவது கேள்வியை அவன் கேட்கவேயில்லை. முத்திரையை எடுத்துக் குத்தினான். நிராகரிக்கப்பட்டது.

“மூணு நாளைக்குள் எல்லையை விட்டுப் போகணும்” என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“மூணு நாள் எதுக்கு? எனக்கு றெக்கை இருக்கு.” அவன் இறக்கையில் இன்னும் சுற்றியிருந்த நார்க்கட்டை ஒரு கணம் பார்த்தாள். “புள்ளைக்கு மீன் பிடிக்கப் பழக்கணும். நான் வாரேன்.”

அவள் எழும்பி, ஏரியை ஒருமுறை சுற்றி, கிழக்கே போனாள். கொஞ்ச நேரம் வெள்ளையாகத் தெரிந்தாள், பிறகு தெரியவில்லை. கஸ்பார் சன்னல் விளிம்பில் வந்து நின்றிருந்தான். இறக்கை வலிக்கவேயில்லை. ஒரு உதறு உதறினால் நார் அவிழ்ந்துவிடும்.

அப்போது மைனா தொண்டையைக் கனைத்துக்கொண்டு அறுபத்தைந்தாம் அத்தியாயத்தை வாசிக்கத் தொடங்கியது. மானவேலன் கடலில் தொலைந்துவிட்டான். அவன் மனைவி கைக்குழந்தையோடு தன்னந்தனியாகக் கரையில் நின்று, போன கப்பல் வருமா வருமா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

வரிசை முழுவதும் தேம்பியது. கஸ்பார் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, மேசையில் தலையைக் கவிழ்த்து, காட்டிலேயே அதிகமாக அழுதான். அவன் மனசு எவ்வளவு இளகியது என்று அன்றைக்கு எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

நீதி: அழுகை வந்தால் கதைக்காகச் சேர்த்து வையுங்கள். வீட்டாருக்காக அழுதால், எழுந்து போக வேண்டியிருக்கும்.