சம்பந்திக்குத் தனி அனுமதி

ஒரு பூட்டு சரியாகப் பூட்டுகிறதா என்று சோதித்துப் பார்க்கும் ஆசை எல்லா மனிதர்களுக்கும் உண்டு. சாவி எந்தப் பக்கம் இருக்கிறது என்று முதலில் பார்ப்பது அறிவாளிகளுக்கு மட்டும்தான் தோன்றும். நான் வெறும் மனிதன்.

நாமக்கல்லில் ஒரு முட்டை கம்பெனியில் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது என் வேலை. அங்கே இருப்பது ஒரே ஒரு பெரிய சர்வர். அதற்குள் நாலைந்து சர்வர்கள் தனித்தனியாக ஓடுவது போல ஒரு மென்பொருள் நடத்திக் காட்டும். ஒன்று பில் போட, ஒன்று தீவனக் கணக்குக்கு என்று. எதை யார் நிறுத்தலாம், யார் ஓடவிடலாம், யார் சும்மா பார்க்கலாம் என்று நான் அனுமதி பிரித்துக் கொடுக்க வேண்டும்.

"பங்குதாரருங்க எல்லாருக்கும் முழுசாவே குடுத்துருங்க தம்பி. ஒருத்தருக்குக் கொறைச்சீங்கன்னா பொங்க நோம்பிக்கு ஊட்டுப்பக்கம் வரமாட்டாங்க" என்றார் முதலாளி. முதலாளி உட்பட எல்லோரையும் என்னையும் ஒரே குழுவில் போட்டு முழு அனுமதி கொடுத்தேன். பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் அவருடைய சம்பந்தியும் ஒரு பங்குதாரர். "அவரக் கும்பல்ல சேர்க்காதீங்க. தனியா வெச்சாத்தான் மரியாதை." கல்யாணப் பத்திரிகை வைப்பது போல அவர் பெயருக்குத் தனியாக வைத்தேன். (முதல் நாள் பாஸ்வேர்டு வைத்ததோடு சரி, மனிதர் அப்புறம் உள்ளே வந்ததே இல்லை.)

ஒரு சித்திரை மத்தியானம் பில் சர்வர் நின்றுவிட்டது. நிறுத்தியவர் முதலாளியின் தம்பி, அவரும் ஒரு பங்குதாரர். "ஆரும் பக்கத்துல இல்லாம சும்மா ஓடிட்டிருந்துச்சுங்க. கரண்ட்டு வீண்தானுங்களே?" கிணற்று மோட்டாரை நிறுத்திப் பழகிய கை அது. எனக்கு வந்ததே கோபம்! கோபத்தைவிடப் பெரிதாக ஓர் ஆர்வமும் வந்தது. குழு முழுவதையும் 'பார்க்க மட்டும்' என்று மாற்றினால் இவர்கள் உண்மையிலேயே அடங்குவார்களா?

சர்வரை ஓடவிட்டுவிட்டு அந்த ஆராய்ச்சியைச் செய்திருக்கலாம். பொறுமை இல்லை. மாற்றினேன். ஓடவிடும் பொத்தான் மங்கிப்போனது. 'அடடே, வேலை செய்கிறதே!' என்று கொஞ்ச நேரம் ரசித்த பிறகுதான் அந்தக் குழுவில் நானும் இருக்கிறேன் என்பது உறைத்தது. எல்லாவற்றுக்கும் மேலான பாஸ்வேர்டு சர்வரை மாட்டிக் கொடுத்த கோயம்புத்தூர்க்காரரிடம் இருந்தது. அவர் போன் அணைந்திருந்தது.

வாசலில் முட்டை லாரிகள் வெயிலில் நின்றன. பில் இல்லாமல் கிளம்ப முடியாது. "பில்லு வருமுங்களா, இல்ல குஞ்சு பொரிச்சதும் நடத்தியே கூட்டிட்டுப் போயிரட்டுங்களா?" என்று கேட்டார் ஒரு டிரைவர். நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சாயந்திரத்துக்குள் அந்த வேலை போய்விடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

தனியாக வைத்த அனுமதிக்கு மட்டும் சேதமில்லை. ஆக, அந்தச் சர்வரை ஓடவிடும் அதிகாரம் இப்போது சம்பந்தி ஒருவருக்குத்தான். போனில் கேட்கலாம் என்றேன். முதலாளி முறைத்தார். "சம்பந்தியப் போன்ல வேலை ஏவறதா? நல்லாருக்குதுங்க உங்க நாயம்!" பழமும் பூவும் வாங்கிக்கொண்டு காரில் போனோம். லேப்டாப் என் மடியில் இருந்தது.

போனதும் விஷயத்தைச் சொல்லிவிட முடியுமா? காபி வந்தது, பலகாரம் வந்தது. முன்தகவல் இல்லாமல் பெண்ணைப் பெற்றவர் பழத்தட்டோடு வந்து நின்றதில் சம்பந்தியம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "எங்க பையன் உங்க புள்ளைய ஏதாச்சும் பேசிட்டானுங்களா?" என்றார், கண் கலங்க. முதலாளி என்னைப் பார்த்தார். "இல்லீங்கம்மா, ஐயா ஒரு பொத்தானை அமுக்கணுமுங்க" என்றேன்.

சம்பந்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பாஸ்வேர்டு அவருடைய தறிப்பட்டறையின் பெயர்தான், மறக்கவில்லை. "இத அமுக்குனா அங்க நாமக்கல்ல என்னுங்க ஆகும்?"

"லாரி கெளம்புமுங்க."

அமுக்கினார். பில் வருவதாக ஆபீசிலிருந்து போன் வந்தது. என் அனுமதியையும் அவர் கையாலேயே திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் முகத்தில் அப்படி ஓர் ஆனந்தம். "மறுக்கா ஒருவாட்டி நிறுத்திப் பாக்கட்டுங்களா?" என்றார். லேப்டாப்பை மூடிவிட்டேன்.

என் வேலை போகவில்லை. ஆனால் சம்பந்தி எந்த வெளியூருக்குக் கிளம்பினாலும் இன்றுவரை எனக்குப் போன் செய்கிறார். "பழனிக்குப் போறனுங்க தம்பி. வர்ற வரைக்கும் எதையும் சோதிச்சுப் பாக்காதீங்க." இது என் வீடு வரைக்கும் பரவிவிட்டது. போன வாரம் நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்சியை, உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்கத் திருப்புளியோடு உட்கார்ந்தேன். மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, சம்பந்தி ஊர்ல இருக்காருங்களா?"