மருமகனுக்கு மாட்டிறைச்சிப் பணிஸ்

மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஆண்கள் வயதான காலத்தில் சமைக்கத் தொடங்குவார்கள். இது எல்லாருக்கும் பொருந்துமா தெரியாது, எனக்குப் பொருந்தியது. இரண்டு வருடங்களுக்கு முன், எழுபத்திரண்டு வயதில், ஜெர்மனியின் பீலெஃபெல்டில், ஒரு சனிக்கிழமை காலை, வாழ்நாளில் மாட்டிறைச்சியைத் தொட்டறியாத நான் ஒன்றரைக் கிலோ மாட்டிறைச்சியோடு என் மனைவியின் குசினிக்குள் நுழைந்தேன். மத்தியானத்துக்குள் ஒரு பிரஷர் குக்கரையும் நான்கு இடியப்பத் தட்டுகளையும் ஒரு காய்ச்சல் வெப்பமானியையும் இழந்தேன். மரியாதையும் போயிற்று. அதில் ஏற்கெனவே பெரிதாக மிச்சம் இருக்கவில்லை.

காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்கு ஒன்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

என் ஒரே மகள் வாணி, ஜென்ஸ் என்ற ஜெர்மன்காரரைக் கலியாணம் செய்தாள். நான் போகவில்லை. முதுகு நோவு என்றேன். (அன்று முதுகு வழக்கத்தைவிட நன்றாகவே இருந்தது.) அதற்கு முன் வேறு பல காரணங்களும் சொல்லியிருந்தேன். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன் நான். விடையை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்றபடி வழியை இட்டுக்கட்டும் மாணவனுக்குச் சிவப்பு மையால் பிழை போடுவேன். மகள் விஷயத்தில் நானே அந்த மாணவனாக இருந்தேன். மனைவி பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு தனியே ரயிலேறிப் போய்த் தாரை வார்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் யாரோ பனியில் சறுக்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜென்ஸ் அதன்பிறகும் பிறந்தநாள்களுக்குப் பூங்கொத்தோடு வருவார். என்னை 'ஹெர் சிவஞானம்', அதாவது திரு சிவஞானம், என்பார். நான் மழையைப் பற்றி இரண்டு வசனம் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவேன். இப்படியே ஏழு வருடம். பீலெஃபெல்டின் மழையை எங்களைப் போல வேறு எவரும் அலசியிருக்க முடியாது.

பிறகு எனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்தார்கள். வாணிக்கு வேலையில் விடுப்புக் கிடைக்கவில்லை. ஜென்ஸ் லீவு போட்டுவிட்டு வந்தார். வைத்தியரிடம் போக வேண்டிய ஒவ்வொரு தெர்மினுக்கும் அவர்தான் ஏற்றி இறக்கினார். கண்ணுக்கு ஒரு நாளைக்கு நான்கு தடவை மருந்து விட வேண்டும். மனைவிக்குக் கை நடுங்கும். ஆகவே, நான் யாருடைய கலியாணத்துக்குப் போகவில்லையோ அவரே என் நாடியை நிமிர்த்திப் பிடித்து, இமையை விரலால் தூக்கி, "இப்போது மேலே பாருங்கள்" என்று சொல்லி மருந்து விட்டார். இரண்டு கிழமை. ஒரு மனிதரின் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் நான்கு வேளையும் பார்த்த பிறகு மழையைப் பற்றிப் பேசுவது கஷ்டம்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மாமனார் மருமகனிடம் மன்னிப்புக் கேட்டதை நான் எங்கும் கண்டதில்லை. எந்த வசனத்தில் தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை. சாப்பாடு கொடுத்தால் வசனம் தானாக வரும் என்று நம்பினேன்.

என்ன சாப்பாடு என்பதில் சந்தேகமே இருக்கவில்லை. கலியாணப் பேச்சுக்கு முன், ஜென்ஸ் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது, உங்களுக்கு என்ன விருப்பம் என்று மனைவி கேட்டிருந்தாள். படிக்கும் காலத்தில் அமெரிக்காவில் ஒரு வருடம் இருந்ததாகவும், அங்கே சின்னச் சின்னச் சூடான பன்னுக்குள், எங்கள் பேச்சில் பணிஸுக்குள், வாட்டிய மாட்டிறைச்சியை மெல்லிதாகச் சீவி, சீஸோடு வைத்து, அந்த இறைச்சியிலிருந்து வடிந்த சாற்றில் முக்கி முக்கிச் சாப்பிட்டதாகவும் சொன்னார். முக்குவதைக் கையால் வேறு காட்டினார். அதை நான் அன்று அவருக்கு எதிரான சாட்சியமாக மனதில் பதிந்து வைத்தேன். எங்கள் வீட்டில் மீன், ஆடு, கோழி எல்லாம் உண்டு. வெள்ளிக்கிழமை சைவம். மாடு ஒருநாளும் இல்லை.

தொலைபேசியில் அழைத்தேன். நான் அவரை அழைத்தது அதுவே முதல் தடவை.

"யாருக்கு என்ன நடந்தது?" என்றார்.

"யாருக்கும் ஒன்றுமில்லை."

என் ஜெர்மன் அலுவலகங்களில் கற்றது. முப்பது வருடம் படிவம் நிரப்பிய மொழி. அன்பாகப் பேச அதில் இடமில்லை. "எதிர்வரும் சனிக்கிழமை பன்னிரண்டு முப்பது மணிக்கு, மதிய உணவின் பொருட்டு, எனது இல்லத்துக்குத் தாங்கள் தனியாகச் சமூகமளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்ற கருத்துப்பட ஏதோ சொன்னேன்.

அவர், "ஏதாவது பத்திரம் கொண்டுவர வேண்டுமா?" என்று கேட்டார். (பகிடிக்குக் கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

இறைச்சிக்கடையில் எங்கடை ஆட்கள் யாராவது நிற்கிறார்களா என்று மூன்று தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

"எத்தனை பேருக்கு?" என்றாள் கடைக்காரப் பெண்.

"ஒருவருக்கு."

"ஒன்றரைக் கிலோவா?"

"அவர் உயரமானவர்."

அந்தச் சனிக்கிழமையைத் தெரிந்தெடுத்ததற்குக் காரணம், மனைவியும் வாணியும் ஐந்து வயதுப் பேத்தி ஆதிராவும் வாணியின் காரில் தூரத்துக் கோயிலுக்குப் போகிறார்கள், நாலு மணிக்குத்தான் திரும்புவார்கள் என்பது. மனைவி வாசலில் நின்று சொன்னாள்: "சோறும் ரசமும் கிடக்குது, சூடாக்கிச் சாப்பிடுங்கோ. ஓவனைத் திறந்து போடாதேங்கோ, சட்டியள் விழும்."

எங்கள் வீட்டு ஓவன் ஓர் அலுமாரி. இருபத்தெட்டு வருடத்தில் அதற்குள் எதுவும் வெந்ததில்லை. எல்லாச் சட்டிகளையும் இறக்கி மேசையில் அடுக்கினேன். பின்மூலையில் சாய்ந்து நின்ற பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டுகள் நான்கும் புதிய கண்ணுக்குத் தெரியவில்லை. அவை உருகி வழிந்து மணக்கும்வரை அவை அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது.

செய்முறையை ஒரு வீடியோவைப் பார்த்துக் கட்டம் போட்ட கொப்பியில் பதினான்கு படிகளாக எழுதி வைத்திருந்தேன். முதல் படிக்கு முன்னமே தவறினேன். இறைச்சியைக் கழுவச் சொல்லி அந்த வீடியோவில் எவனும் சொல்லவில்லை. கழுவாத இறைச்சியை அடுப்பில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. மஞ்சளும் உப்பும் போட்டு, தண்ணீர் தெளியும்வரை மூன்று தரம் கழுவி ஓவனில் வைத்தேன். நடுப்பகுதி ஐம்பத்தைந்து பாகை வந்ததும் எடுக்க வேண்டும் என்று ஆறாம் படி சொன்னது. வீட்டில் இருந்தது காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி. அதைக் குத்தினேன். அது நாற்பத்திரண்டோடு நின்று, மூன்று தரம் கீச்சிட்டு, பிறகு நிரந்தரமாக மௌனமானது.

இறைச்சியை வெட்டிப் பார்த்தேன். உள்ளே இளஞ்சிவப்பு. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கொப்பியில் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் எங்கள் ஆட்களில் யார் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சிவப்பாக இறைச்சி வைப்பார்கள்? அதுவும் மன்னிப்புக் கேட்கக் கூப்பிட்ட விருந்தாளிக்கு? மனைவியின் பிரஷர் குக்கரை எடுத்தேன். எட்டு விசில்.

அது கூவிக்கொண்டிருக்கும்போது ஓவன் தட்டைப் பார்த்தேன். அடியில் சிவப்பும் மண்ணிறமுமாக ஒரு தண்ணீர் தேங்கி நின்றது. இரத்தத் தண்ணி. கழுவியும் போகவில்லையே என்று அருவருத்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை தொட்டியில் ஊற்றி, மேலே சுடுதண்ணீரும் விட்டேன். பிறகு கொப்பியின் மறுபக்கத்தைப் புரட்டினேன். பதினோராம் படி: 'தட்டில் வடிந்த சாற்றைச் சிந்தாமல் எடுத்துக்கொள்ளவும். இதுதான் முக்கியம்.' அதன் கீழே நானே இரண்டு கோடு போட்டிருந்தேன்.

மணி பன்னிரண்டு இருபது. அடுப்பில் மனைவியின் ரசம் இருந்தது. நிறம் ஏறக்குறைய சரி. சூடாக்கி, மல்லியிலையை வடித்தெடுத்துவிட்டு, இரண்டு சின்னக் கோப்பைகளில் ஊற்றினேன்.

குக்கருக்குள் இருந்ததைச் சீவ முடியவில்லை. அது தும்பாகப் போயிருந்தது. அதைப் பணிஸுக்குள் அடைத்து, மேலே சீஸ் வைத்து, ஓவனில் மறுபடி சூடாக்கினேன். இடியப்பத் தட்டின் மணம் கொஞ்சம் ஏறியிருக்கும்.

ஜென்ஸ் பன்னிரண்டரைக்கு வந்தார். பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கல்ல. சப்பாத்தைக் கழற்றினார், பூங்கொத்தைத் தந்தார், மூக்கைச் சுருக்கினார், ஒன்றும் கேட்கவில்லை. மேசைக்குக் கூட்டிப்போனேன். தட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது கோழியா?" என்றார்.

"மாடு" என்றேன். பரிசளிப்பு விழாவில் கிண்ணம் கொடுப்பவன்போலச் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். பணிஸைப் பார்த்தார். கதிரையில் இருந்தார். ஒன்றை எடுத்து, ரசத்தில் முக்கி, கடித்தார். நீண்ட நேரம் மென்றார். கண் கலங்கியது. பிடித்த சாப்பாடு, பழைய நினைவு என்று நான் கணித்தேன். என் பங்குக்கு நானும் எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டுமே என்று ஒன்றை எடுத்தேன். எழுபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. கயிறு மெல்வதுபோல இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மென்றோம். வரும் என்று நான் நம்பியிருந்த வசனம் வரவில்லை. வாயில் இடமும் இருக்கவில்லை.

அப்போது கதவு திறந்தது. நெடுஞ்சாலையில் வீதி வேலையாம். இரண்டு மணி நேரம் நெரிசலில் நின்றுவிட்டுப் பாதி வழியில் திரும்பியிருந்தார்கள்.

மனைவி வாசலிலேயே மோந்துவிட்டாள். "கோயிலுக்கும் போகேலாமல் வாறன். வீட்டில என்ன மணக்குது?" என்றபடி நேரே குசினிக்குள் போனாள்.

வாணி மேசையைப் பார்த்தாள். பிறகு புருஷனின் கையைப் பார்த்தாள். "அப்பா, இது என்ன?"

"மாட்டிறைச்சிப் பணிஸ், பிள்ளை. அவருக்கு விருப்பமெண்டு நான்தான் செய்தனான்."

"அவர் ஏழு வருஷமா மாடு தொடுறேல்லை."

"ஏன், வருத்தமோ?"

"ஏனோ? நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நான் எப்ப சொன்னனான்?"

"மாடு தின்னுறவனோட என்ரை வீட்டில ஒரு மேசையில இருக்க ஏலாதெண்டு. இதே மேசையில, இதே கதிரையில இருந்துகொண்டு. நான் போய் அவரிட்டைச் சொன்னனான். அடுத்த நாளே விட்டவர்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அடுக்கிய காரணங்களில் அது எத்தனையாவதோ. அவர் கையால் முக்கிக் காட்டியதை வருடக்கணக்காகப் பத்திரமாக வைத்திருந்தேன். நான் சொன்னதை அன்றே தொலைத்துவிட்டேன். அவர் எங்கள் மேசைக்கு வருவதற்காக ஒன்றை விட்டிருக்கிறார். விட்டுவிட்டு ஏழு வருடம் காத்திருக்கிறார். அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கும் தூரத்தில் நான் ஒருநாளும் இருந்ததில்லை.

"பிறகேன் சாப்பிட்டனீங்கள்?" என்று அவரிடம் தமிழிலேயே கேட்டுவிட்டேன். வாணி மொழிபெயர்த்தாள்.

அவர் ஜெர்மனில் சொன்னார்: "இவர் எனக்காகச் சமைத்தது இதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?"

குசினியிலிருந்து மனைவியின் குரல்: "இஞ்சருங்கோ, இது என்ரை பருப்புக் குக்கர் எல்லோ?"

நான் எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத்தில் பிழை விட்ட பெடியன் எழும்புவதுபோலத்தான். ஜெர்மனில் யோசித்துப் பார்த்தேன், படிவம்தான் வந்தது. ஆகவே தமிழில் சொன்னேன்.

"பிழை என்னிலைதான். கலியாணத்தண்டு எனக்கு முதுகு நோகேல்லை."

வாணி அதை மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் குசினியிலிருந்து, "அது எல்லாருக்கும் அண்டைக்கே தெரியும்" என்று மனைவி சொன்னாள்.

வாணி இரண்டையும் சேர்த்து மொழிபெயர்த்தாள். ஜென்ஸ் சிரிக்கவில்லை. காலிக் கோப்பையை என் பக்கம் மெதுவாகத் தள்ளினார். அவருக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், வாணியின் இழுவையோடு, கேட்டார்:

"ரசம் இருக்கோ, மாமா?"

இருந்தது. இறைச்சித் தும்பை எல்லாம் வழித்தெடுத்து, வீட்டு வாளியில் போட மனைவி விடாததால் வெளிக்குப்பையில் கொண்டுபோய்க் கொட்டினேன். இறைச்சி படாமல் பையில் மிச்சமிருந்த பணிஸை ஐந்து பேரும் வெறுமனே ரசத்தில் முக்கிச் சாப்பிட்டோம். களைத்துப் போயிருந்தோம். அன்று இரண்டு ஆண்களுக்கும் வயிறு சரியில்லாமல் போனதையும் நேர்மைக்காகச் சொல்லிவைக்கிறேன்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அவர்கள் இப்போதும் வருகிறார்கள். பணிஸும் ரசமும்தான். உள்ளே உருளைக்கிழங்குப் பிரட்டல். ஜென்ஸ் மறுபடி மாடு சாப்பிடுகிறாரா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமை இல்லை. மாடு வெந்த குக்கரை மனைவி மறுபடி குசினிக்குள் எடுக்கவில்லை. அது பல்கனியில் மூடியில்லாமல் நிற்கிறது, உள்ளே கறிவேப்பிலைக் கன்று. நான் குரலை உயர்த்தி ஏதாவது கொள்கை பேசத் தொடங்கினால், வீட்டில் யாராவது அந்தக் குக்கரைப் பற்றி விசாரிப்பது வழக்கமாகிவிட்டது.

போன முறை ஏழு வயது ஆதிரா குத்துச்சண்டை பழகப் போவதாகச் சொன்னாள். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "எங்கடை குடும்பத்தில பொம்பிளைப் பிள்ளையள்..." என்று தொடங்கினேன்.

ஜென்ஸ் பணிஸை முக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"குக்கர் எடுக்கட்டோ, மாமா?"

நானும் என் பணிஸை முக்கினேன். வகுப்பு செவ்வாய்க்கிழமைகளில். கூட்டிக்கொண்டு போவது நான்தான்.