மெமரி சேர்த்த ஞாயிற்றுக்கிழமை

மூன்று வீடியோ பார்த்துவிட்ட மனிதனிடம் யாரும் எதையும் சொல்ல முடியாது. கம்ப்யூட்டருக்கு மெமரி சேர்ப்பது எப்படி என்று நான் மூன்று பார்த்திருந்தேன். அதில் ஒன்றை இரண்டு தடவை.

பம்பாய் மாட்டுங்கா ஃப்ளாட்டில் உட்கார்ந்தபடி என் மனைவி கல்யாணி அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள். அந்த ஞாயிறு மாலை அவளுடைய சிஷ்யைகளின் முதல் கச்சேரி, கம்ப்யூட்டர் வழியாக. பெற்றோர், மாமா, அத்தை என்று ஊரே பார்க்கப் போகிறது. எங்கள் கம்ப்யூட்டரோ பத்து முகம் சேர்ந்தாற்போல் தெரிந்தால் அப்படியே உறைந்து நிற்கும். ஒரு மாதமாக அவளுக்கு இதே கவலை. மெமரி கூட்டினால் சரியாகும் என்றார்கள். வாங்கி வந்தேன்.

"ஏன்னா, கடைக்காரனையே வந்து மாட்டச் சொல்லலாமே?"

"இதுக்குப் போயா? ஒண்ணுமே இல்லைடி இது."

பாதுகாப்பு விஷயத்தில் என்னைக் குறை சொல்ல முடியாது. பிளக்கைப் பிடுங்கினேன். உள்ளே தங்கியிருக்கும் கரண்ட் போகட்டும் என்று ஸ்விட்சை அழுத்திப் பிடித்தேன். மோதிரத்தைக் கழற்றினேன். நைலான் ஆகாது என்பதால் பருத்தி வேட்டி, பனியன். நம் உடம்பில் இருக்கும் மின்சாரமே மெமரியைக் கொன்றுவிடுமாம். அதனால் அடிக்கொரு தரம் பெட்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டேன். காபி கொண்டுவந்த கல்யாணியையும் தொடச் சொன்னேன். (தொட்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.)

"புதுசு. சாமிகிட்ட வெச்சுட்டு மாட்டுங்கோ" என்றாள்.

அவள் சொன்னது அவ்வளவுதான். மீதி என் சொந்தக் கற்பனை. எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ், மிக்ஸி, ஸ்கூட்டர் எதுவும் சந்தனம் குங்குமம் இல்லாமல் வேலைக்குச் சேர்ந்ததில்லை. மெமரியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பச்சைப் பட்டை, கீழ் விளிம்பில் மட்டும் வரிசையாகத் தங்க நிறக் கோடுகள். இருப்பதிலேயே லட்சணமான இடம் அதுதான். சந்தனத்தைக் குழைத்து அங்கேயே மூன்று பொட்டு வைத்தேன். மேலே குங்குமம். மாட்டினேன். 'டக்'கென்று உட்கார்ந்தது, வீடியோவில் கேட்ட அதே சத்தம்.

ஸ்விட்சைப் போட்டேன். திரை கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து 'பீப், பீப்' என்று ஒரு புலம்பல்.

பழைய மெமரியும் புதியதும் இடம் மாறி உட்கார்ந்தால் ஒத்துப்போகலாம் என்று தோன்றியது. மறக்காமல் பிளக்கைப் பிடுங்கி, மறக்காமல் இரும்பைத் தொட்டு, மாற்றினேன். இப்படியாகச் சந்தனம் இரண்டு இடத்திலும் போய்ச் சேர்ந்தது. அப்புறம் பழையதை மட்டும் எங்கே செருகினாலும் பீப்தான்.

கச்சேரிக்கு அரை மணி இருந்தது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்த கல்யாணி, கறுத்த திரையைப் பார்த்தாள். திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை, எனக்கு நிஜமாகவே அவமானமாக இருந்தது.

"ஃபோன்ல பண்ணிடலாம்" என்றேன்.

"யார் பிடிச்சுப்பா?"

நான் பிடித்தேன். பனியனோடு, நின்றபடி, மங்களம் வரை. பாதியில் கை நடுங்க ஆரம்பித்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு தகப்பனார் பதறிப்போய்க் கேட்டார்: "டீச்சர், பாம்பேல எர்த்க்வேக்கா? எல்லாரும் ஸேஃபா?"

"இல்லே, எங்காத்துக்காரர்" என்றாள் கல்யாணி, தாளத்தை விடாமல்.

மறுநாள் கடைக்காரர் பெட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "அங்கிள், யே சந்தன் ஹை க்யா?" ஆமாம், பூஜை என்றேன். கரண்ட் போய்வருகிற வழியே அந்தத் தங்க நிறக் கோடுகள்தானாம். அவர் சிரிக்கவில்லை. பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்கள் சிரித்தார்கள்.

கச்சேரியை எல்லோரும் மெச்சினார்கள். வகுப்பில் புதுக் குழந்தைகள் சேர்ந்தார்கள். கல்யாணி அவர்களுக்குச் சரளி வரிசைக்கு முன்பே இந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறாள். இன்றைக்கும் நடுவில் படம் உறைந்தால், ஏதாவது ஒரு குட்டி அமெரிக்கத் தமிழில் கேட்கிறது: "மாமா பொட்டு வெச்சாரா?"

அடுக்களையிலிருந்து நான் "இல்லை" என்று குரல் கொடுத்த பிறகுதான் பாட்டு தொடரும்.